மருத்துவர் கேட்கும்போது அம்மாவைப் பார்க்காதீர்கள்



சில வாரங்களுக்கு முன்பு நான்காம் படிவ மாணவர் ஒருவர் பாடம் முடிந்ததும் என் மேசைக்கு வந்தார். "டீச்சர், வியாழக்கிழமை நான் வரமாட்டேன். கால் கட்டைவிரல்ல சின்ன ஆபரேஷன்," என்றார். நகத்தின் ஓரம் சதைக்குள் வளர்ந்து, மாதக்கணக்கில் காற்பந்துக் காலணிக்குள் வலியோடு ஓடியிருக்கிறார். நல்ல முடிவுதான் என்றேன். பிறகு ஆசிரியர் புத்தி சும்மா இருக்குமா? கேள்வி கேட்கத் தொடங்கினேன்.

"அன்று காலையில் சாப்பிட்டுவிட்டுப் போகலாமா, கூடாதா?"

"அம்மாவுக்குத் தெரியும், டீச்சர்."

"விரலை மட்டும் மரத்துப்போகச் செய்வார்களா, முழு மயக்கம் கொடுப்பார்களா?"

"அம்மாகிட்டதான் சொன்னாங்க."

"உனக்கு ஒத்துக்கொள்ளாத மருந்து ஏதாவது இருக்கிறதா?"

"அதுவும் அம்மாவுக்குத்தான் தெரியும்."

அவருக்கு வயது 16. மோட்டார் சைக்கிள் உரிமம் எடுக்கும் வயது. விரல் அவருடையது, வலி அவருடையது. ஆனால் அந்த விரலுக்கு வியாழக்கிழமை என்ன நடக்கப்போகிறது என்பது மட்டும் அம்மாவுடைய விஷயம்!

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோலில் செய்யப்படும் சிறிய அறுவை சிகிச்சைக்கு ஆயத்தமாவது பெற்றோர் மட்டும் செய்து முடிக்கும் வேலை அல்ல. இடைநிலைப்பள்ளிக்கு வந்துவிட்ட உங்களுக்கு அதில் சரிபாதிப் பொறுப்பு இருக்கிறது. மருத்துவருக்குத் தேவைப்படும் சில பதில்கள் உங்களிடம் மட்டுமே இருக்கின்றன. அவை அம்மாவிடம் இல்லை, அப்பாவிடமும் இல்லை.

"சிறிய" என்றால் என்ன?

மச்சத்தை அகற்றுவது, தோலுக்கடியில் உள்ள கட்டியை எடுப்பது, மருவை நீக்குவது, உள்ளே வளர்ந்த நகத்தைச் சரிசெய்வது, சோதனைக்காகத் தோலில் ஒரு துளி வெட்டியெடுப்பது இவையெல்லாம் சிறிய அறுவை சிகிச்சைகள். பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். நீங்கள் விழித்திருப்பீர்கள், பேசிக்கொண்டிருப்பீர்கள், அன்றே வீட்டுக்கும் போய்விடுவீர்கள்.

இங்கே "சிறிய" என்ற சொல் வெட்டின் அளவைத்தான் குறிக்கிறது. ஆயத்தத்தின் அளவை அல்ல. தோல் என்பது நம் உடலின் வேலி. வேலியில் விரற்கடை அளவு திறந்தாலும் திறந்ததுதான். அதன் வழியே கிருமி நுழையலாம், இரத்தம் கசியலாம். உள்ளே செலுத்தப்படும் மருந்துக்கு உடல் எதிர்பாராத விதத்தில் பதில் சொல்லலாம். இவை அடிக்கடி நடப்பவை அல்ல. முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டு தடுப்பதால்தான் அவை அரிதாக இருக்கின்றன.

நான் வாய் திறக்காத நாள்

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நான் உங்கள் வயதில் இருந்தபோது, என் பிடரியில் கொட்டைப்பாக்கு அளவில் ஒரு கட்டி இருந்தது. வலி இல்லை. ஆனால் இரட்டைப் பின்னல் போட்டால் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும். தோழிகள் கேலி செய்தார்கள். மருத்துவர் பார்த்துவிட்டு, மூன்று வாரம் கழித்து எடுத்துவிடலாம் என்று தேதி கொடுத்தார். "அதுவரை தொடாதே," என்றும் சொன்னார்.

நான் தொட்டேன். கண்ணாடி முன் நின்று, ஊசியால் குத்தி, இரண்டு விரலால் அழுத்திப் பிதுக்கினேன். வெள்ளையாகச் சிறிது வந்தது. "முடிந்தது வேலை!" என்று நினைத்தேன். இரண்டு நாளில் கட்டி சிவந்து, சூடாகி, இரு மடங்காக வீங்கியது. அம்மா பதறிப்போய் மஞ்சளை அரைத்துப் பற்றுப் போட்டார். நான் ஊசியால் குத்தியதை அவரிடம் சொல்லவே இல்லை.

குறித்த நாளில் மருத்துவர் கேட்டார்: "யாராவது இதை அழுத்தினீர்களா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா உண்மையாகவே, "இல்லை டாக்டர்," என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்று கட்டியை எடுக்க முடியவில்லை. சீழை மட்டும் கீறி வெளியேற்றினார்கள். மரத்துப்போகும் ஊசி போட்டும் வலித்தது. அம்மாவின் கையை நான் இறுக்கிப் பிடித்ததில் அவருடைய வளையல் ஒன்று நெளிந்துவிட்டது. புண் முழுவதும் ஆறிய பிறகு, பல வாரங்கள் கழித்து, அதே இடத்தில் இரண்டாவது முறை கத்தி பட்டது. ஒரே தழும்போடு முடிய வேண்டியது, பெரிய தழும்பாக இன்றும் இருக்கிறது.

ஏன் அப்படி நடந்தது?

அறிவியல் ஆசிரியரான பிறகுதான் அந்த நாளின் காரணங்கள் எனக்குப் புரிந்தன.

முதலில் அந்தக் கட்டி. மருத்துவர்கள் அதை சிஸ்ட் என்பார்கள். தோலின் மேற்பகுதி உயிரணுக்கள் உள்ளே மாட்டிக்கொண்டு, ஒரு சிறு பை போல உருவாகும். அந்தப் பையின் சுவர் கெராட்டின் என்ற புரதத்தை உள்ளேயே உதிர்த்துக்கொண்டிருக்கும். நம் முடியிலும் நகத்திலும் இருக்கும் அதே புரதம்தான். வெளியே பிதுங்கி வருவது அந்தப் பையில் சேர்ந்த சரக்கு மட்டுமே. சரக்கை எடுத்தாலும் பை இருக்கும்வரை மீண்டும் நிரம்பும். அழுத்தும்போது பை உள்ளேயே கிழிந்தால், கெராட்டின் சுற்றியுள்ள திசுவில் பரவி, உடல் அதை அந்நியப் பொருளாக எண்ணிப் போர் தொடுக்கும். சிவப்பும் வீக்கமும் அப்படி வந்தவைதான். ஊசியோடு கிருமியும் உள்ளே போனதால் சீழும் சேர்ந்துகொண்டது.

அடுத்து, மரத்துப்போகாத ஊசி. சிறிய அறுவை சிகிச்சைகளில் அதிகம் பயன்படும் மருந்து லிக்னோகேயின். சுவீடன் நாட்டு வேதியியலாளர் நில்ஸ் லோஃப்கிரேன் 1943-இல் உருவாக்கியது. நரம்பில் வலிச் செய்தி நகர வேண்டுமென்றால் சோடியம் அயனிகள் உள்ளே பாய வேண்டும். லிக்னோகேயின் அந்த அயனி வாயில்களை உள்பக்கத்திலிருந்து அடைத்துவிடுகிறது. செய்தி நகராது, மூளைக்கு வலி தெரியாது.

ஆனால் வாயிலை அடைக்க, மருந்து முதலில் நரம்பின் சவ்வைக் கடந்து உள்ளே போகவேண்டும். மின்னூட்டம் இல்லாத மூலக்கூறுகள்தாம் அதை எளிதில் கடக்கும். லிக்னோகேயின் ஒரு வலுக்குறைந்த காரம். பிஎச் மதிப்பு 7.4 உள்ள நலமான திசுவில், அதன் மூலக்கூறுகளில் சுமார் கால் பங்கு மின்னூட்டமின்றி இருக்கும். சீழ் பிடித்த திசு அமிலத் தன்மை அடைந்திருக்கும். பிஎச் மதிப்பு 6.9-க்கு இறங்கினால், மின்னூட்டம் இல்லாதவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைந்துவிடும். எஞ்சியவை வாசலிலேயே நின்றுவிடும். வீங்கிய இடத்தில் இரத்த ஓட்டம் அதிகமாக இருப்பதால், அது மருந்தை வேகமாக அடித்துச் சென்றும்விடுகிறது.

"பிஎச் அளவு எல்லாம் படித்து என்ன டீச்சர் பயன்?" என்று கேட்பவர்களுக்கு என் பிடரியைத்தான் காட்டுவேன்.

உங்களிடம் மட்டுமே இருக்கும் பதில்கள்

அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவரோ தாதியோ சில கேள்விகள் கேட்பார்கள். சடங்குக்காகக் கேட்பதில்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஆபத்து இருக்கிறது.

"என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால், பனடோல் தவிர வேறொன்றும் இல்லை என்று அம்மா சொல்வார். ஆனால் மூட்டு வலிக்கு நண்பன் கொடுத்த மாத்திரை? மாதவிடாய் வலிக்கு நீங்களே மருந்தகத்தில் வாங்கிய மெஃபனாமிக் அமிலம்? பருவுக்காக யாரோ சொல்லி வாங்கியது? உடற்பயிற்சிக் கூடத்து நண்பர் பரிந்துரைத்த சத்துப்பொடி? சில வலி மாத்திரைகள் இரத்தத் தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் தடுக்கும். ஆஸ்பிரின் பட்ட தட்டணு, தன் வாழ்நாளான 7 முதல் 10 நாள் வரை செயலிழந்தே இருக்கும். அதனால் கசிவு எளிதில் நிற்காது. இதைக் கேட்டுவிட்டு, மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது. எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று அவர் முடிவு செய்வார். உங்கள் வேலை மறைக்காமல் சொல்வது.

"இரத்தம் நிற்காமல் வந்தது உண்டா?" பல் பிடுங்கியபோது, மூக்கில் இரத்தம் வடிந்தபோது எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். மாணவிகளே, மாதவிடாயின்போது வழக்கத்துக்கு மீறிய போக்கு இருந்தால் அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். இரத்தம் உறைவதில் உள்ள குறைபாடு சில வேளைகளில் அப்படித்தான் முதலில் தெரியவரும்.

"புகை பிடிப்பீர்களா? வேப் பயன்படுத்துவீர்களா?" இந்தக் கேள்விக்குத்தான் அதிகமான பொய்கள் சொல்லப்படுகின்றன என்பது என் எண்ணம். நிக்கோட்டின் சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கும். வெட்டிய இடத்துக்குப் போக வேண்டிய ஆக்சிஜன் குறையும். புண் ஆறத் தாமதமாகும். மருத்துவர் கட்டொழுங்கு ஆசிரியர் அல்லர். அவர் கேட்பது உங்களைத் தண்டிக்க அல்ல, உங்கள் தோலைக் காப்பாற்ற. அம்மாவுக்கு முன்னால் சொல்லத் தயக்கமாக இருந்தால், "டாக்டர், உங்களிடம் தனியாகப் பேசலாமா?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்பதில் தவறே இல்லை.

"தழும்பு தடிக்குமா?" காது குத்திய இடம், பருவந்த இடம், தோளில் பிசிஜி ஊசி போட்ட இடம் இவற்றில் ஏதாவது உருண்டையாகத் தடித்து, காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்திருக்கிறதா? அதற்குக் கீலாய்டு என்று பெயர். கருமையான தோல் உடையவர்களுக்கும் இளம் வயதினருக்கும் இது கூடுதலாக வரும். நெஞ்சு, தோள், மேல்முதுகு, காதுமடல் ஆகிய இடங்களில் அதிகம். அழகுக்காக ஒரு சிறு மச்சத்தை எடுக்கப்போய், அதைவிடப் பெரிய தழும்போடு திரும்பி வருபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் தோளில் இருக்கும் தடிப்பைச் சட்டை மறைத்திருக்கும். நீங்கள்தான் காட்ட வேண்டும்.

"ஊசியைக் கண்டால் மயக்கம் வருமா?" வந்திருந்தால் ஆம் என்று சொல்லுங்கள். இது கோழைத்தனம் அல்ல. பயத்தால் சிலருக்கு இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் திடீரென்று குறைந்துவிடும். முன்பே சொன்னால் படுக்க வைத்தே ஊசி போடுவார்கள். வீரம் காட்டி உட்கார்ந்திருந்தால் விழுந்து மண்டையில் அடிபடலாம்.

உங்கள் உடல் எடையையும் தெரிந்துவைத்திருங்கள். மரத்துப்போகும் மருந்தை அதிகபட்சம் எவ்வளவு செலுத்தலாம் என்பது எடையைப் பொறுத்தது.

அம்மாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவையும் உண்டு. குழந்தையாக இருந்தபோது எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போனதா? வலிப்பு, ஆஸ்துமா இருந்ததா? குடும்பத்தில் யாருக்காவது இரத்தப்போக்குக் கோளாறு உண்டா? நம் நாட்டில் குழந்தை பிறந்தவுடன் ஜி6பிடி குறைபாடு உள்ளதா என்று சோதிப்பார்கள். அந்தக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சில மருந்துகளைத் தரக்கூடாது. உங்களுக்கு உண்டா, இல்லையா? முதல்நாள் இரவு உணவு மேசையில் கேட்டுவிடுங்கள்.

செய்யாமல் விடுவதும் ஆயத்தம்தான்

நம் வீடுகளில் அக்கறையோடு செய்யப்படும் சில காரியங்கள் அறுவை சிகிச்சைக்கு உதவுவதில்லை. அறுவை சிகிச்சை நடக்கவுள்ள இடத்தில் முதல்நாளிலிருந்து மஞ்சள், எண்ணெய், பவுடர், தைலம் எதுவும் வேண்டாம். சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டுத் துவைத்த உடையை அணிந்து செல்லுங்கள். நகத்தில் சாயம் பூசியிருந்தால் அகற்றிவிடுங்கள்.

அந்த இடத்தில் முடி இருந்தால், நீங்களாகச் சவரம் செய்யாதீர்கள். சுத்தம் என்று நினைத்துப் பலர் இதைச் செய்கிறார்கள். சவரக் கத்தி கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்களை விட்டுச்செல்லும். கிருமிகளுக்கு அவை திறந்த கதவுகள். அறுவை சிகிச்சைக்கு முன் சவரம் செய்யக்கூடாது. முடியை அகற்றியே ஆகவேண்டும் என்றால் கத்தரிக்கும் கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்கிறது.

மோதிரம், சங்கிலி, தோடு ஆகியவற்றை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கசிவை நிறுத்த மின்சாரத்தால் சுடும் கருவியைப் பயன்படுத்துவார்கள். உலோகம் உடலில் இருப்பது பாதுகாப்பல்ல. கையில் கட்டிய கோயில் கயிறு, அரைஞாண், தாயத்து பற்றியும் முன்கூட்டியே கேளுங்கள். அறுக்கும் இடத்துக்கு அருகில் இருந்தால் கழற்றச் சொல்வார்கள். அம்மாவின் கைப்பையில் பத்திரமாக வைத்திருந்து, புண் ஆறியதும் மறுபடி கட்டிக்கொள்ளலாம். கடைசி நிமிடத்தில் மேசையில் படுத்துக்கொண்டு அதைப் பற்றி வாக்குவாதம் செய்வதுதான் சங்கடம்.

உணவைப் பற்றி இரண்டு விதமான பதில்கள் உண்டு. அதனால்தான் கட்டாயம் கேட்க வேண்டும். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்தால், பொதுவாகப் பட்டினி தேவையில்லை. வெறும் வயிற்றோடு போனால் மயக்கம் வரும் வாய்ப்புத்தான் கூடும். தூங்க வைக்கும் மருந்தோ முழு மயக்கமோ கொடுப்பதாக இருந்தால், 6 மணி நேரத்துக்கு முன்பிருந்தே உணவு கூடாது என்பார்கள். மயக்கத்தில் வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் ஆபத்து இருக்கிறது. சஷ்டி விரதமோ நோன்போ இருக்கும் நாளில் தேதி விழுந்தால், மறைக்காமல் சொல்லி வேறு நாள் கேளுங்கள்.

"பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசுவதா?"

இதைப் படித்துவிட்டுச் சில பெற்றோர் என்மீது கோபப்படலாம். நம் குடும்பங்களில் பெரியவர்கள் பேசும்போது பிள்ளைகள் அமைதியாக இருப்பதுதான் மரியாதை. அதை நான் மதிக்கிறேன். மருத்துவரின் அறையிலும் அந்த மரியாதை இருக்கட்டும். ஆனால் அங்கே கேட்கப்படுவது குடும்பக் கதை அல்ல, உங்கள் உடலின் தகவல். தவறான தகவலோடு மரியாதையாக இருப்பதால் யாருக்கும் நன்மை இல்லை. "அம்மா, இதற்கு நான் பதில் சொல்லட்டுமா?" என்று கேட்டால் மரியாதையும் குறையாது, உண்மையும் குறையாது.

இன்னொரு வாதம்: "பிள்ளைகளுக்கு அதிகம் சொன்னால் பயந்துவிடுவார்கள்." என் அனுபவம் வேறு. அறியாத ஒன்றுக்குத்தான் பயம் பெரிதாக வளரும். மரத்துப்போன பிறகு வலி தெரியாது. ஆனால் தொடுவதும் தள்ளுவதும் இழுப்பதும் தெரியும். இதை முன்பே அறிந்த மாணவர், இழுப்பதை உணர்ந்ததும் "மருந்து வேலை செய்யவில்லை!" என்று அலறமாட்டார். கூர்மையான வலி தெரிந்தால் சொல்ல வேண்டும், கூடுதலாக மருந்து போடுவார்கள் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். அறிவு பயத்தை முழுவதும் போக்காது; ஆனால் பயத்துக்கு ஓர் எல்லை போடும்.

மலேசியாவில் 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரோ பாதுகாவலரோதான் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்து அவர்களுடையதாக இருக்கட்டும். புரிதல் உங்களுடையதாகவும் இருக்கவேண்டும். படிவம் கையெழுத்தாகும் முன் இந்த ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். என்ன செய்யப்போகிறீர்கள், ஏன்? செய்யாமல் விட்டால் என்ன ஆகும்? என்ன தவறு நடக்கக்கூடும்? தழும்பு எப்படி இருக்கும்? வெட்டியெடுத்ததைச் சோதனைக்கு அனுப்புவீர்களா, முடிவு எப்போது வரும்?

தழும்பைப் பற்றிக் கேட்டால், எந்தத் திசையில் வெட்டப்போகிறார் என்பதையும் மருத்துவர் விளக்கக்கூடும். தோலுக்கு ஒரு இழுவிசைத் திசை உண்டு. வியன்னாவைச் சேர்ந்த உடற்கூற்றியல் அறிஞர் கார்ல் லாங்கர் 1861-இல் இதை வரைபடமாகப் பதிவு செய்தார். சடலத்தின் தோலில் வட்டமாகத் துளையிட்டால், அந்தத் துளை நீள்வட்டமாக மாறுவதை அவர் கவனித்தார். அந்தக் கோடுகளை ஒட்டி வெட்டினால் தழும்பு மெலிதாக அமையும்.

பிந்திய நாள்களுக்கும் முந்திய ஆயத்தம்

தேதி குறிக்கும்போதே நாள்காட்டியைப் பாருங்கள். முகத்தில் போட்ட தையலை 5 முதல் 7 நாளில் பிரிப்பார்கள். முதுகு, கால் போன்ற இடங்களில் 10 முதல் 14 நாள் ஆகலாம். தையல் பிரித்த அன்றே புண் முழு வலுவோடு இருக்கும் என்று நினைக்காதீர்கள். மூன்று மாதம் ஆனாலும் அந்த இடத்தின் வலு, பழைய தோலில் சுமார் 80 விழுக்காடுதான். எனவே மாவட்ட அளவிலான போட்டிக்கு முந்திய வாரம் முதுகில் கட்டி எடுக்கும் திட்டம் நல்ல திட்டம் அல்ல. தேர்வு வாரத்தில் எழுதும் கையில் தையல் போட்டுக்கொள்வதும் அப்படித்தான். கால் விரலில் என்றால், கட்டுப் போட்ட விரல் பள்ளிக் காலணிக்குள் நுழையாது. காலணி அணியாமல் இருக்க மருத்துவரிடம் கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் இரத்தம் கசிந்தால், சுத்தமான துணியை வைத்து 10 முதல் 15 நிமிடம் கை எடுக்காமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று இடையிடையே திறந்து பார்த்தால், உறைந்துவரும் இரத்தம் மறுபடி கலைந்துவிடும். அப்படியும் நிற்காவிட்டாலோ, நாளாக நாளாக வலி கூடினாலோ, சிவப்பு பரவினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ உடனே திரும்பிச் செல்ல வேண்டும். எங்கே போவது, யாரை அழைப்பது என்பதை அறுவைக்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மாணவர் அடுத்த திங்கட்கிழமை செருப்புப் போட்டுக்கொண்டு, கையில் மருத்துவரின் கடிதத்தோடு வகுப்புக்கு வந்தார். நகத்தின் ஓரத்தை எடுத்துவிட்டு, அது மீண்டும் வளராமல் இருக்க வேரில் ஃபீனால் தடவினார்களாம். 1867-இல் ஜோசப் லிஸ்டர் அறுவை சிகிச்சைப் புண்களில் கிருமியை ஒழிக்கத் தாம் பயன்படுத்திய கார்பாலிக் அமிலத்தைப் பற்றி எழுதினார். இரண்டும் ஒரே பொருள்தான் என்று சொன்னேன். அவர் கண்கள் விரிந்தன. பிறகு மெதுவான குரலில் சொன்னார்: "டீச்சர், என்ன மருந்து சாப்பிடுறேன்னு கேட்டாங்க. அம்மா இல்லைன்னு சொல்லத் தொடங்கினாங்க. முட்டி வலிக்கு நான் ரெண்டு வாரமா மாத்திரை போட்டேன்னு அப்பத்தான் சொன்னேன். அம்மா முறைச்சாங்க. டாக்டர் நன்றி சொன்னாரு."

அதனால் இந்த வாரம் உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். அறுவை சிகிச்சை யாருக்கும் எப்போது வேண்டுமானாலும் தேவைப்படலாம். ஒரு தாளை எடுத்து, உங்கள் எடை, ஒத்துக்கொள்ளாத மருந்து, உணவு, இப்போது சாப்பிடும் மாத்திரைகள், முன்பு வந்த நோய்கள், கடைசியாகப் போட்ட டெட்டனஸ் தடுப்பூசி, தழும்பு தடிக்கும் பழக்கம் உண்டா என்பதையெல்லாம் எழுதுங்கள். தெரியாத இடங்களைக் காலியாக விட்டு, இன்றிரவு பெற்றோரிடம் கேட்டு நிரப்புங்கள். கைப்பேசியிலும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான் திருத்தி மதிப்பெண் போடமாட்டேன். என்றாவது ஒரு நாள் மருத்துவர் உங்களைப் பார்த்துக் கேள்வி கேட்கும்போது, அந்தத் தாளில் உள்ளதை நீங்களே வாய் திறந்து சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் எதிர்பார்ப்பு.